வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புதல்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகள் அமெரிக்காவில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது, முதல் பருவக் கட்டணத்தை எந்த விசாரிப்பும் இல்லாமல், சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலேயே அனுப்பினேன். ‘அனுப்பும் கட்டணம் இல்லை’ என்று பலகை வைத்திருந்தார்கள், அதை நம்பினேன். இரண்டாம் பருவத்தில் வேறு இரண்டு இடங்களில் விலை கேட்ட பிறகுதான் முதல் முறை எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அதன்பிறகு திருச்சியில் எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இந்தியாவில் வசிக்கும் பெற்றோர், படிப்புச் செலவுக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியது மட்டுமே இது.

எல்லா வங்கிகளும் கட்டணம் குறைவு என்றே சொல்கின்றன. உண்மையில் எதை ஒப்பிட வேண்டும்?

இரண்டே எண்களைக் கேளுங்கள்: என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் கழியும், அந்தப் பக்கம் எத்தனை டாலர் போய்ச் சேரும். கமிஷன், ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் அமைப்பு) கட்டணம், வரி என்று தனித்தனியாகச் சொல்லப்படும் எதுவும் இந்த இரண்டு எண்களைத் தாண்டிப் போக முடியாது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய தொகையில் நம் பணம் கரைவது கமிஷனில் அல்ல, மாற்று விகிதத்தில். வங்கிகள் தமக்குள் டாலரை வாங்கி விற்கும் விலை ஒன்று. நமக்கு விற்கும் விலை வேறொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் வங்கியின் லாபம். அது ரசீதில் எங்கும் தனி வரியாக அச்சிடப்படுவதில்லை என்பதால் கண்ணில் படுவதே இல்லை.

கணக்கு எளிமைக்காகச் சந்தையில் ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியது 10,000 டாலர். முதல் வங்கி கட்டணமே வாங்குவதில்லை, ஆனால் டாலரை 91.80க்கு விற்கிறது. இரண்டாவது வங்கி கமிஷன் 1,000 ரூபாய், ஸ்விஃப்ட் கட்டணம் 500 ரூபாய், இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,770 ரூபாய் வாங்குகிறது. ஆனால் டாலரை 90.45க்குத் தருகிறது. நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டியையும் சேர்த்தால் முதல் வங்கியில் மொத்தம் சுமார் 9,18,916 ரூபாய் கழியும். இரண்டாவதில் சுமார் 9,07,174 ரூபாய். ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு ஒரே பருவத்தில் 11,700 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். நான்கு பருவங்களுக்குக் கணக்கிட்டால், பிள்ளை ஊருக்கு வந்து திரும்பும் விமானச் சீட்டில் ஒரு நல்ல பங்கு அது.

மாதாமாதம் கைச்செலவுக்கு அனுப்பும் சிறு தொகைக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, சிறு தொகையில் கணக்கு தலைகீழாகிறது. மேலே சொன்ன அதே இரண்டு வங்கிகளில் 500 டாலர் அனுப்பினால், முதல் வங்கியில் சுமார் 45,983 ரூபாயும் இரண்டாவதில் சுமார் 47,076 ரூபாயும் ஆகும். டாலருக்கு 1.35 ரூபாய் மிச்சப்பட்டாலும், 1,770 ரூபாய் நிலையான கட்டணம் அதை விழுங்கிவிடுகிறது. இந்த எடுத்துக்காட்டில் சுமார் 1,311 டாலரில் இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே முதல் வங்கி, மேலே இரண்டாவது வங்கி. நீங்கள் விலை கேட்கும் இடங்களுக்கும் இதே போல நிலையான கட்டணத்தை விகித வித்தியாசத்தால் வகுத்துப் பார்த்தால் உங்கள் எல்லைக்கோடு கிடைத்துவிடும்.

இயன்றவர்கள் மாதம் 1,000 டாலராக மூன்று முறை அனுப்புவதற்குப் பதிலாக 3,000 டாலரை ஒரே முறையாக அனுப்பலாம். இரண்டு முறைக்கான நிலையான கட்டணம், இங்கே 3,540 ரூபாய், மிச்சம். பிள்ளையின் கையில் மொத்தமாகப் பணம் இருப்பது சரிவருமா என்பது அந்தந்த வீட்டார் முடிவு செய்ய வேண்டியது.

சந்தை விலையை எங்கே பார்ப்பது? வங்கியில் பேரம் பேசலாமா?

டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றுக்கான குறிப்பு விகிதத்தை ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் பிற்பகலில் வெளியிடுகிறது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வங்கி சொல்லும் விற்பனை விகிதம் எத்தனை பைசா கூடுதல் என்று பாருங்கள். வங்கி வெளியிடும் விகிதப் பட்டியலில் ‘டிடி செல்லிங்’ (TT Selling, டிமாண்ட் டிராஃப்ட் அல்ல) என்று இருக்கும் நிரலைத்தான் பார்க்க வேண்டும். நோட்டாக வாங்குவதற்கான விகிதம் இதைவிட அதிகமாக இருக்கும்.

பேரம் தாராளமாகப் பேசலாம். பலகையில் காட்டப்படுவது ‘கார்டு ரேட்’; பெரிய தொகைக்குக் கிளை மேலாளர் வங்கியின் கருவூலப் பிரிவிடம் (அந்நிய நாணயத்தை வாங்கி விற்கும் பிரிவு) கேட்டு விகிதத்தைக் குறைத்து வாங்கித் தர முடியும். ‘வேறொரு வங்கியில் இந்த விலை சொல்கிறார்கள்’ என்று எழுத்தில் காட்டியபோது, எனக்கு அரை மணி நேரத்தில் டாலருக்கு 60 பைசா குறைந்தது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. 2019 ஆகஸ்டில் இந்திய கிளியரிங் கார்ப்பரேஷன் ‘எஃப்எக்ஸ்-ரீடெயில்’ என்ற தளத்தைத் தொடங்கியது. நம் வங்கி வழியாக அதில் பதிவு செய்துகொண்டால், வங்கிகளுக்கிடையேயான சந்தை விலையிலேயே டாலரை வாங்கலாம். வங்கி தனக்கான கட்டணத்தை வெளிப்படையாகத் தனியே வாங்கிக்கொள்ளும். பல கிளைகளில் இதைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். விடாமல் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் கேளுங்கள்.

வங்கியைத் தவிர வேறு என்ன வழிகள் இருக்கின்றன?

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற அந்நியச் செலாவணி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பித்தால், பணம் கடைசியில் ஏதோ ஒரு வங்கி வழியாகவே போகும். ஆனால் விகிதம் பெரும்பாலும் கிளையின் கார்டு ரேட்டைவிட மேலாக இருக்கும். உரிமம் உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பல பல்கலைக்கழகங்கள் ஃபிளைவயர், கன்வேரா போன்ற கட்டணத் தளங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. இவற்றின் பெரிய வசதி, மாணவர் எண்ணோடு சரியான தொகை பல்கலைக்கழகத்தின் கணக்கில் போய் உட்காரும் என்பதுதான். விகிதம் சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது. தளம் காட்டும் ரூபாய்த் தொகையை உங்கள் வங்கி சொல்லும் மொத்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள்.

கடன் அட்டையில் கட்டணம் செலுத்துவது அவசரத்துக்கு மட்டும். வெளிநாட்டுச் செலவுக்குப் பல அட்டைகளில் 3.5 சதவீதம் வரை கூடுதலும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு அட்டைக் கட்டணம் சேர்க்கலாம். செலுத்தும்போது ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா’ என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் விகிதத்தை நிர்ணயிப்பது அந்தப் பக்கத்து நிறுவனம்.

ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது முன்கூட்டியே வெளிநாட்டு நாணயம் ஏற்றிக்கொள்ளும் அட்டை, பிள்ளை விமானம் ஏறும் நாளுக்கும் அங்கே வங்கிக் கணக்கு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களுக்கு மிகவும் பொருத்தமானது. அதற்கு மேல் நீண்ட காலம் அதையே நம்பியிருக்க வேண்டாம். டிமாண்ட் டிராஃப்ட் வழக்கொழிந்துவிட்டது. மணிகிராம், வெஸ்டர்ன் யூனியன் போன்றவை இங்கே இயங்கும் ‘எம்டிஎஸ்எஸ்’ திட்டம் வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் பணத்துக்கு மட்டுமே உரியது. வெளியே அனுப்ப அந்தத் திட்டம் பயன்படாது.

10,000 டாலர் அனுப்பினேன். 9,975 டாலர்தான் சேர்ந்தது. மீதி எங்கே போயிற்று?

ஸ்விஃப்ட் என்பது பணத்தைத் தூக்கிச் செல்லும் வண்டி அல்ல. 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட அந்தக் கூட்டுறவு அமைப்பு, வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டுமே கொண்டு செல்கிறது. நம் வங்கிக்கும் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லாவிட்டால், நடுவில் ஒன்றிரண்டு இடைநிலை வங்கிகள் வரும். ஒவ்வொன்றும் வழியிலேயே தன் கூலியை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கூலியை யார் ஏற்பது என்பதை விண்ணப்பத்தில் இருக்கும் ஒரு சிறிய கட்டம் முடிவு செய்கிறது. ஓ.யு.ஆர். என்றால் எல்லாச் செலவும் அனுப்புபவருடையது, எஸ்.எச்.ஏ. என்றால் நம் வங்கியின் செலவு நமக்கு, மற்றவை பெறுபவருக்கு, பி.இ.என். என்றால் எல்லாமே பெறுபவருக்கு. எதையும் குறிக்காமல் விட்டால் பல வங்கிகள் எஸ்.எச்.ஏ. என்றே எடுத்துக்கொள்கின்றன.

என் மகளின் முதல் கட்டணம் அப்படித்தான் போனது. 25 டாலர் குறைந்து சேர்ந்ததால் அவளுடைய கணக்கில் ‘நிலுவை 25.00’ என்று காட்டி, அடுத்த பருவத்துக்கான பாடப் பதிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இங்கிருந்து 25 டாலர் அனுப்பினால் அனுப்பும் செலவே அதற்குமேல் ஆகும். புதிதாகத் தொடங்கிய தன் கணக்கிலிருந்து அவளே செலுத்தி விடுவித்துக்கொண்டாள். ஆகவே கல்விக் கட்டணத்துக்கு எப்போதும் ஓ.யு.ஆர். குறிக்கச் சொல்லுங்கள், அதற்கான கூடுதல் கட்டணத்தையும் முன்னதாகவே கேட்டு மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சொந்தக் கணக்குக்குக் கைச்செலவு அனுப்பும்போது எஸ்.எச்.ஏ. போதும். செய்திப் பகுதியில் மாணவர் எண்ணை எழுத மறக்க வேண்டாம். எண் இல்லாமல் போன பணம் யாருடையது என்று தெரியாமல் பல்கலைக்கழகத்தின் பொதுக்கணக்கில் நாள்கணக்கில் கிடக்கும்.

ஜெர்மனிக்குப் போகும் மாணவர்களின் பெற்றோர் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். விசாவுக்கான முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ வீதம், முழுமையாக இருக்க வேண்டும். வழியில் பத்து யூரோ குறைந்தாலும் கணக்கை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வராது. கணக்கு வழங்கும் நிறுவனத்தின் கட்டணத்தையும் இடைவழிக் கழிவையும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாகவே அனுப்புங்கள்.

ஜிஎஸ்டி எவ்வளவு? பணம் முழுவதற்கும் 18 சதவீதமா?

அஞ்ச வேண்டாம். நாணய மாற்றச் சேவையின் மதிப்பு என்று ஒரு சிறு தொகையைக் கணக்கிட்டு, அதன்மேல்தான் 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் வரை அந்த மதிப்பு 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 1,000 ரூபாயும் மேற்பட்ட தொகையில் அரை சதவீதமும். 10 லட்சத்துக்கு மேல் 5,500 ரூபாயும் மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதமும், அதிகபட்சம் 60,000 ரூபாய். ஆக, 5 லட்சம் ரூபாய்க்கு ஜிஎஸ்டி 540 ரூபாய். 10 லட்சத்துக்கு 990 ரூபாய். எந்த வங்கியிலும் பெரிதாக மாறாத செலவு என்பதால் ஒப்பிடுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

டிசிஎஸ் என்று பெரிய தொகை பிடிக்கிறார்களே, அது திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். டிசிஎஸ் என்பது கட்டணம் அல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டியே வசூலிக்கப்படும் வருமான வரி. வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக்கடன் அறிக்கையில் அது பதிவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். சம்பளம் வாங்குபவர்கள் அந்த விவரத்தை அலுவலகத்தில் கொடுத்து, மாதப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனாலும் மாதக்கணக்கில் நம் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதால், முன்கூட்டித் திட்டமிடுவது நல்லது.

2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு டிசிஎஸ் இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, கல்விக்கும் மருத்துவத்துக்கும் 5 சதவீதம், மற்ற பெரும்பாலான நோக்கங்களுக்கு 20 சதவீதம் என்பது 2025-26ஆம் நிதியாண்டின் விகிதம். 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான பட்ஜெட்டில், கல்விக்கும் மருத்துவத்துக்கும் உரிய 5 சதவீதத்தை 2 சதவீதமாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. அனுப்பும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்பதை வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் குறிப்பிடப்படும் நிதி நிறுவனத்திடம் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் அறவே இல்லை.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில், பணம் எதற்காகப் போகிறது என்பதைச் சொல்லும் நோக்கக் குறியீடு ஒன்றை எழுத வேண்டும். வெளிநாடு சென்று படிப்பதற்கான கட்டணம், விடுதிச் செலவு முதலியவற்றுக்கு எஸ்0305. குடும்பப் பராமரிப்புக்கு எஸ்1301. பிள்ளையின் கைச்செலவுதானே என்று எழுத்தர் இரண்டாவதைப் போட்டுவிடுவார், நாமும் கையெழுத்திட்டுவிடுவோம். ஆண்டில் 16 லட்சம் ரூபாய் அனுப்பும் ஒருவருக்கு, 10 லட்சம் போக மீதி 6 லட்சத்தில், 5 சதவீத விகிதப்படி 30,000 ரூபாய் பிடிக்க வேண்டியது, 20 சதவீதத்தில் 1,20,000 ரூபாயாகிவிடும். படிப்பதற்காக அங்கே தங்கியிருக்கும் மாணவரின் அன்றாடச் செலவும் கல்விச் செலவிலேயே அடங்கும் என்பதை நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. கையெழுத்திடும் முன் குறியீட்டை நீங்களே படித்துப் பாருங்கள்.

10 லட்சம் என்ற வரம்பு பான் எண்ணைப் பொறுத்தது. எல்லா வங்கிகளிலும் எல்லா நோக்கங்களுக்கும் அனுப்பியவை சேர்த்தே கணக்கிடப்படும். தந்தையும் தாயும் தத்தம் கணக்கிலிருந்து 8 லட்சம் வீதம் அனுப்பினால், அதே 16 லட்சத்துக்கு டிசிஎஸ் எதுவும் இல்லை. அதேபோல், மார்ச் மாதத்தில் பாதியும் ஏப்ரலில் பாதியும் அனுப்ப முடிந்தால் இரண்டு நிதியாண்டுகளின் வரம்பும் கிடைக்கும்.

ஓர் ஆண்டில் எவ்வளவு வரை அனுப்பலாம்? என்ன ஆவணங்கள் வேண்டும்?

இப்படிப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டம் 2004இல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. இப்போது ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கல்வி நிறுவனத்தின் மதிப்பீடு அதற்கும் மேல் இருந்தால், அந்த மதிப்பீட்டைக் காட்டிக் கூடுதலாகவும் அனுப்ப இடமுண்டு. பான் கட்டாயம். ஏ2 படிவம், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், பிள்ளையின் கடவுச்சீட்டு மற்றும் விசா நகல், பணம் வந்த வழியைக் காட்டும் வங்கி அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இத்திட்டத்தின்கீழ் அனுப்பும் தனிநபருக்கு 15சிஏ, 15சிபி என்ற வருமான வரிப் படிவங்கள் தேவையில்லை. கேட்டால் மரியாதையாக விதியை எடுத்துச் சொல்லுங்கள்.

படிக்கச் செல்லும் மாணவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுகிறார் என்பதால், இங்குள்ள அவருடைய சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். இதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் செய்வதில்லை.

பிள்ளை சிங்கப்பூரில் படித்தால்?

2023 பிப்ரவரி 21 அன்று நம் யுபிஐயும் அதைப் போன்ற சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ்வும் இணைக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்தன. தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு 60,000 ரூபாய் வரை, கைப்பேசி எண்ணை வைத்தே அனுப்பும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. கைச்செலவுக்கு இது மிக எளிய வழி. பருவக் கட்டணத்துக்கு வரம்பு போதாது. இங்கும் திரையில் காட்டப்படும் விகிதத்தைப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

தெரிந்தவர் மகன் அங்கே டாலர் தருவான், நான் இங்கே அவர் வீட்டில் ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறார்கள். செலவே இல்லையே?

வேண்டாம். ஊர்ப்பேச்சில் உண்டியல் என்று சொல்லப்படுவதும் இதுவும் ஒன்றே. அனுமதி பெற்றவர் வழியாக அல்லாமல் அந்நியச் செலாவணியில் கொடுக்கல் வாங்கல் செய்வதை 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தடுக்கிறது. தண்டம் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். நல்ல மனதோடு செய்தவர்களும் இதில் அடங்குவர். தவிர, பிள்ளையின் கணக்கில் யாரிடமிருந்து பணம் வந்தது என்று அந்நாட்டு வங்கி கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது.

இதைவிட மோசமானது, ‘கல்விக் கட்டணத்தை 5 சதவீதத் தள்ளுபடியில் நாங்களே செலுத்திவிடுகிறோம், ரசீது வந்த பிறகு பணம் கொடுங்கள்’ என்று மாணவர் குழுக்களில் வரும் அழைப்பு. ரசீது உண்மையாகவே வரும், ஏனென்றால் திருடப்பட்ட கடன் அட்டையில் செலுத்தியிருப்பார்கள். சில வாரங்களில் அட்டை உரிமையாளர் புகார் செய்ததும் பல்கலைக்கழகம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டணம் மறுபடி நிலுவையாகும். மாணவரும் விசாரணையில் சிக்குவார்.

அனுப்பி நான்கு நாளாயிற்று, பணம் சேரவில்லை. என்ன செய்வது?

முதலில் இரு நாடுகளின் விடுமுறைகளையும் பாருங்கள். பிறகு வங்கியிடம் ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும், யுஇடிஆர் எனப்படும் 36 எழுத்துக் கண்காணிப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் காரணம் எழுத்துப் பிழை: ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து, அமெரிக்காவின் ரவுட்டிங் எண் 9 இலக்கம், பிரிட்டனின் சார்ட் கோடு 6 இலக்கம், ஜெர்மனியின் ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் 22 எழுத்து. அமெரிக்க வங்கிகள் சிலவற்றில் உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு ஒரு ரவுட்டிங் எண்ணும் வயர் பரிமாற்றத்துக்கு வேறொன்றும் இருக்கும்; பிள்ளையிடம் வயருக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

விசா கிடைக்கவில்லை, பல்கலைக்கழகம் பணத்தைத் திருப்பித் தருகிறது. முழுத் தொகையும் வருமா?

டாலர் முழுதாக வந்தாலும் ரூபாய் முழுதாக வராது. நாம் வாங்கியது வங்கியின் விற்பனை விகிதத்தில். திரும்பி வரும் டாலரை வங்கி தன் கொள்முதல் விகிதத்தில் மாற்றும். 91.80க்கு வாங்கிய 10,000 டாலர், சந்தை அசையாமல் இருந்தாலும், 88.20 என்ற கொள்முதல் விகிதத்தில் திரும்பினால் 36,000 ரூபாய் குறையும். பல்கலைக்கழகம் நிர்வாகக் கட்டணம் கழித்தால் அது தனி. ஆகவே விசா கைக்கு வரும்வரை, இடத்தை உறுதி செய்யத் தேவையான முன்பணத்தை மட்டும் அனுப்புங்கள். திருப்பித் தரும் விதியை முன்னதாகவே படித்து வையுங்கள். பணம் திரும்பும் நாளில், வங்கி தானாக மாற்றி வரவு வைக்கும் முன், கொள்முதல் விகிதத்தையும் பேசிக் கேளுங்கள். அனுப்பும்போது 60 பைசா குறைத்தவர்கள், வாங்கும்போதும் கேட்டால் சற்று உயர்த்தித் தருவார்கள்.